நான்காம் படி

செவ்வாய்க்கிழமை, ஒன்பது பத்து.
கடிதத்தின்படி அது மாற்ற முடியாத நேரம்.
தவறினால் தொகை நிற்கும். எத்தனை வாரம் என்பது மட்டும்
தடித்த எழுத்தில்.

கிளெனிஸ் பியூவுக்குக் காலை பதினொன்றுக்குத்தான் தொடங்கும்.
அதுவரை விரல்கள் யாருடையவோ.
பள்ளிச் சமையலறையில் பத்தொன்பது வருஷம்
தினம் முந்நூறு தட்டு கழுவியவை
இப்போது ஒரு மாத்திரைப் புட்டியின் மூடியிடம்
கெஞ்சிக்கொண்டிருக்கின்றன.

அவள் கேட்டது பெரிதல்ல.
மதியத்துக்கு மேல் ஒரு நேரம்.
இல்லையென்றால் தொலைபேசி.
அதுவும் இல்லையென்றால்
கீழ்த்தளத்தில், கைப்பிடி வைத்த ஒரு நாற்காலி.

அதற்கொரு படிவம் இருந்தது. பதினாறு பக்கம்.
கறுப்பு மையில், கையால் நிரப்ப வேண்டும்.
விரல் மடங்காது என்பதை
விரல் மடக்கித்தான் எழுத வேண்டும்.
மூன்று நாள் எழுதினாள்.
எட்டாம் பக்கத்தில் எழுத்து சரிந்து
கோட்டை விட்டு இறங்கிப் போனது.

பதில் வந்தது:
நேரில் வர இயலாமை குறித்துப் பேச
நேரில் வரவும்.
செவ்வாய், ஒன்பது பத்து.

அபர்டேரில் அன்று சாய்ந்த மழை.
ஏழரைப் பேருந்தை விட்டால் அடுத்தது ஒன்பதுக்கு.
எட்டு மணிக்கே பூட்டிய கதவின் முன் நின்று,
திறந்ததும் எல்லோரையும் முன்னே விட்டாள்.
அலுவலகம் இரண்டாம் மாடி.
லிஃப்டில் ஒட்டிய தாள்
போன கிறிஸ்துமஸுக்கு முன்பே மஞ்சளித்திருந்தது.

நாலு படி ஏறினாள்.
ஐந்தாவதை முழங்கால் ஒப்புக்கொள்ளவில்லை.
அங்கே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார்.
டெல்வின் ஹாஸ்கெட், முன்பு லாரி ஓட்டியவர்,
இப்போது இரண்டு மூச்சுக்கு நடுவே பேசுகிறவர்.
"எனக்கு... எட்டு ஐம்பது," என்றார்.
மணி ஒன்பது ஐந்து.
நகர்ந்து இடம் கொடுத்தார்.
ஈரக் கோட்டும் ஈரக் கோட்டும் உரச
இருவரும் புதினா மிட்டாய் தின்றார்கள்.
காகிதத்தை அவர்தான் பிரித்துக் கொடுத்தார்.

ஒன்பது இருபதுக்கு இறங்கி வந்தான் ஆலோசகன்,
கழுத்தில் அட்டை, பெயர் கீரன்,
முகப்பரு இன்னும் ஆறாத வயசு.
புகைக்கத்தான் வந்தான் என்று நினைக்கிறேன்.
நின்றான். பார்த்தான்.
மறுபடி மேலே போய் மடிக்கணினியோடு வந்து
மூன்றாம் படியில் அமர்ந்தான்.
இந்த வாரம் எத்தனை வேலைக்கு விண்ணப்பித்தீர்கள்?
அங்கேயே கேட்டான், அங்கேயே சொன்னாள்.
"மன்னியுங்கள்" என்றான் ஒருமுறை, மெல்ல,
திரையைப் பார்த்துத்தான்.
போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நல்ல பையன். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஒன்பதாம் நாள் அடுத்த கடிதம்.
முந்தைய சந்திப்பில் தாங்கள்
வெற்றிகரமாகக் கலந்துகொண்டதால்
மாற்றம் எதுவும் தேவையில்லை என முடிவு.
செவ்வாய். ஒன்பது பத்து. இரண்டாம் மாடி.

என் மொழியில் ஏறுவதும் படி,
வாசிக்கச் சொல்வதும் படி,
நகலும் படி.
விதியோடு ஒட்டிக்கொண்டால் அதற்கு மறுபேச்சில்லை.
கிளெனிஸுக்கு இது தெரியாது.
நூலகத்தில் பக்கத்துக்குப் பத்து பென்ஸ் கொடுத்து
எல்லாவற்றுக்கும் நகல் எடுத்தாள்.
மேல்முறையீட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
இவ்வளவுதான்:

நான் ஏறியது நாலு.
மீதி முப்பத்திரண்டு.
கீழிருந்து அண்ணாந்து எண்ணியவர் டெல்வின் ஹாஸ்கெட்,
அவர் தொலைபேசி எண் கீழே.
காலையில் கூப்பிட வேண்டாம்.

பிறகு உறையை ஒட்டுவதற்காக
பதினொன்று வரை காத்திருந்தாள்.